ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

முன்னாள் மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பள்ளி நாள்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது, ஆசிரியர்களைப் பற்றியும் விளையாட்டுத் திடலைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றே தோன்றியது. ஆகவே, எங்கள் வகுப்பை இரண்டாகப் பிளந்து, இன்றும் சங்கத்தின் ஒவ்வோர் ஒன்றுகூடலிலும் தீர்ப்பில்லாமல் ஒத்திவைக்கப்படும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். பழைய வீடியோ கேம் பெட்டிகளில் எது சிறந்தது என்பதே அந்த வழக்கு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எட்டு பிட் கட்சி, அதாவது ஒரே தடவையில் எட்டு பிட் தகவலைக் கையாளும் நிண்டெண்டோவின் பழைய பெட்டியின் பக்கம்.

எண்களை வைத்து வாதாடினால் என் கட்சிக்கு வைப்புத்தொகைகூடத் திரும்பாது. நிண்டெண்டோ 1983ஆம் ஆண்டு ஜப்பானில் ஃபேமிகாம் என்றும், 1985இல் அமெரிக்காவில் என்இஎஸ் என்றும் வெளியிட்ட அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். ஒரே கிடைக்கோட்டில் நகரும் உருவத் துண்டுகள் எட்டுக்கு மேல் வந்தால் மிஞ்சியவை திரையில் தெரியா. அதனால் நிரல் எழுதியவர்கள் அவற்றை முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்கள், நமக்கு எதிரிகள் மினுமினுப்பதாகத் தெரிந்தது. இந்த நெருக்கடிக்குள்தான் சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம் என்பதையும், நிறம் மட்டுமே வேறு என்பதையும் என் பக்கத்து இருக்கைத் தோழன்தான் முதலில் கண்டுபிடித்தான். அன்று முதல் அவனால் மேகத்தை மேகமாகப் பார்க்க முடியவில்லை.

ஒலியும் அப்படித்தான். இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவு செய்த சிறு ஒலிகளுக்கு ஒரு தடம். இவ்வளவே மொத்த வாத்தியக் குழு. மரியோ குதிக்கும்போது அந்த ஓசைக்கு இடம்விட்டு, இசையின் ஒரு குரல் கணநேரம் அடங்கிப்போகும். அதைக் கவனித்த பிறகு எனக்கு அந்தப் பாட்டு, குதிப்பதற்கென்றே துளை விட்டு நெய்த துணியாகத் தோன்றலாயிற்று.

எதிர்க்கட்சியான பதினாறு பிட்டுக்குள்ளேயே இரண்டு அணிகள் இருந்தன. 1988இல் வந்த சேகா மெகா டிரைவின் அணி, வேகத்தைப் பேசும். அதன் மோட்டரோலா 68000 செயலி ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட, 1990இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் ஃபேமிகாமின் செயலியோ அதிகபட்சமாக 3.58ஐத்தான் தொட்டது. மற்ற அணி நிறத்தைப் பேசும்: மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 64ஐக் காட்டும், சூப்பர் ஃபேமிகாம் 32,768இலிருந்து 256ஐக் காட்டும். இந்த இரண்டு வரிகளையும் எங்கள் வகுப்பில் வாய்ப்பாட்டைப் போல ஒப்பிக்கத் தெரியாதவர் எவரும் இல்லை.

கட்சி மாறச் சொன்னால் நான் மெகா டிரைவுக்குத்தான் போவேன். அதற்குக் காரணம் வேகமன்று, அதிலிருந்த யமஹா ஒலிச் சில்லு. சூப்பர் ஃபேமிகாமின் ஒலிப் பகுதி, மெய்யான வாத்தியங்களின் பதிவுகளை 64 கிலோபைட்டுக்குள் சுருக்கி வைத்து ஒலிப்பது. அதை வடிவமைத்தவர், பின்னாளில் பிளேஸ்டேஷனை உருவாக்கிய கென் குடராகி. இனிமையானது என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் எனக்கு அது எப்போதும் அடுத்த அறையிலிருந்து கதவு வழியாகக் கேட்பதைப் போலவே இருந்தது. மெகா டிரைவோ எந்த வாத்தியத்தையும் போலி செய்யவில்லை. ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் ஆட்டத்துக்கு யூசோ கோஷிரோ அமைத்த இசையில் அடித்தளத்தில் உறுமும் அந்த உலோகக் குரல், அந்தப் பெட்டியின் சொந்தக் குரல்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் வழக்கு நேர்மையாக நடந்ததாகாது. இந்தப் பெட்டிகளை அவற்றின் தொலைக்காட்சியிலிருந்து பிரித்து மதிப்பிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன், பரணில் கிடந்த மெகா டிரைவை எடுத்துத் துடைத்து, இக்காலத்துத் தட்டைத் திரையில் இணைத்து சோனிக் ஆடினேன். நீலநிறக் கண்ணாடியைப் போல ஊடே பார்க்க முடிந்ததாக என் நினைவில் இருந்த அருவி, செங்குத்துக் கோடுகள் போட்ட திரைச்சீலையாக நின்றது. அந்தப் பெட்டியால் பாதி ஒளிபுகும் நிறத்தைத் தர இயலாது. வரைந்தவர்கள் ஒரு கோடு விட்டு ஒரு கோடு தீட்டிவிட்டு, பழைய இணைப்புக் கம்பியின் மங்கல் அவற்றைக் கலந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். என்இஎஸ்ஸில் திரையிலுள்ள வாத்துகளைச் சுடப் பயன்பட்ட ஒளித்துப்பாக்கியின் கதி இன்னும் மோசம். விசையை இழுத்ததும் திரை கணநேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்ற, துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. பழைய படக்குழாய்த் திரையின் நேரக் கணக்கை நம்பிச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, தட்டைத் திரையின் தாமதத்தில் குருடாகிவிடுகிறது.

கையடக்கப் பெட்டிகளைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டை இருந்ததில்லை. சேகாவின் கேம் கியரில் வண்ணமும் பின்னொளியும் இருந்தன, ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். 1989இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய், நான்கு பேட்டரிகளிலும் பச்சையின் நான்கு சாயைகளிலும் திருப்தியடைந்து நெடுநேரம் ஓடியது. விலை குறைந்து பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அதை உருவாக்கிய குன்பெய் யோகோயின் கொள்கை. கட்டை விரலுக்கான சிலுவைப் பொத்தானையும் நமக்குத் தந்தவர் அவரே என்பதால், எந்தக் கட்சிக்காரரும் அவரைக் குறை சொல்வதில்லை.

1994இல் வந்த பிளேஸ்டேஷனை வகுப்பில் பாதிப்பேர் சிம்மாசனத்தில் ஏற்றுவார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டாததற்குக் காரணம் காத்திருப்பு. கேசட் என்றால் (கார்ட்ரிட்ஜ் என்று எங்களில் யாரும் சொன்னதில்லை) விசையைத் தள்ளியதும் ஆட்டம். குறுந்தகடோ ஒவ்வொரு கதவுக்கும் நம்மை உட்கார வைக்கும். ஆனாலும் அதன் நினைவக அட்டை, 15 கட்டங்கள் கொண்ட 128 கிலோபைட், எங்கள் தலைமுறைக்கு ஒரு வரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தைச் சேமித்து வைக்க அதுவரை இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, 1987இல் அமெரிக்காவில் வெளியான செல்டா ஆட்டத்தின் தங்க நிறக் கேசட்டைப் போல உள்ளே ஒரு வட்ட பேட்டரியை வைத்திருப்பது. மற்றொன்று, விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டம் தரும் கடவுச்சொல்.

மெகா மேன் 2 ஆட்டத்தின் கடவுச்சொல் எழுத்துகளால் ஆனதன்று. ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள், அவற்றில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள். நானும் பக்கத்து இருக்கைத் தோழனும் சேர்ந்து ஆடியதால், அதை என் கணிதப் பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அளவுகோல் வைத்து வரைந்து வைத்திருந்தேன். ஒரு நாள் கணித ஆசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டார். இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்டார். நான் வாயடைத்து நிற்க, தோழன் எழுந்து, "சேர்வுகள், சார்" என்றான். ஆசிரியர் கட்டங்களை எண்ணினார், புள்ளிகளை எண்ணினார், புத்தகத்தை என்னிடமே நீட்டினார். "25 கட்டங்களில் 9 புள்ளிகளை எத்தனை விதமாக வைக்கலாம் என்று நாளைக்கு இரண்டு பேரும் போட்டுக் கொண்டு வாருங்கள்" என்றார்.

விடை 20,42,975. நாங்கள் முதலில் போட்டது தவறு என்பதையும் பதிவு செய்கிறேன். அந்த ஆட்டம் உண்மையில் ஏற்பது அவற்றில் 1,280ஐத்தான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்: முதல் வரிசையிலுள்ள ஒரே புள்ளி கையிருப்பிலுள்ள ஆற்றல் கலன்களைச் சொல்ல, மற்ற எட்டும் எட்டு எதிரித் தலைவர்களில் யார் வீழ்ந்தார், யார் இன்னும் இருக்கிறார் என்பதைச் சொல்கின்றன.

பரணில் மெகா டிரைவுடன் அந்தப் பயிற்சிப் புத்தகமும் இருந்தது. தங்க நிறக் கேசட்டும் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி தீர்ந்து, நான் சேமித்து வைத்த பெயர்கள் மூன்றும் வெறுமையாகிவிட்டிருந்தன. மெகா மேன் கேசட்டைப் பழைய வழக்கப்படி ஒருமுறை ஊதிவிட்டு (ஊதினால் ஈரம்தான் சேரும், வேலை செய்வது கழற்றி மாட்டுவதே என்பது தெரிந்தும்), எட்டு பிட் பெட்டியில் செருகி, மங்கிய சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கட்டங்களில் வைத்தேன். ஆட்டம் ஏற்றுக்கொண்டது. கையில் இரண்டு ஆற்றல் கலன்கள் இருந்தன, ஐந்து தலைவர்கள் வீழ்ந்திருந்தனர். மீதி மூவரைப் படம் எடுத்துத் தோழனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது வேறொரு நேர வலயத்தில் இருக்கிறான், விடிந்ததும் பதில் வந்தது: "நான் வரும்வரை தொடாதே."