பெட்டியும் கட்டைகளும்: ஓ.டி. தீசிஸில் நான் பட்ட பாடு

ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) இறுதியாண்டு தொடங்கியதும் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே: "தீசிஸ் டாபிக் என்ன?" அந்த அவசரத்தில்தான் நானும் மாட்டினேன். இரண்டு வாரம் கட்டுரைகளைப் புரட்டிவிட்டு, பக்கவாதம் வந்தவர்களின் கை இயக்கத்துக்கு மிரர் தெரபி என்று முடிவு செய்தேன்; நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் காட்டி, பாதிக்கப்பட்ட கையே அசைவதுபோல் தோன்றவைக்கும் சிகிச்சை அது. கை துண்டிக்கப்பட்டவர்களின் மாயவலிக்காக (இல்லாத கையில் தோன்றும் வலி) 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் பயன்படுத்திய கண்ணாடிப் பெட்டிதான் பிறகு பக்கவாத மறுவாழ்வுக்கும் வந்தது. ஒரு கண்ணாடி போதும், செலவில்லை, படிக்கக் கட்டுரைகளும் ஏராளம். டாபிக்கில் குறையில்லை. எனக்கிருக்கும் நான்கு மாதத்தில் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்பதைத்தான் நான் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். பழைய ஓ.பி. ரிஜிஸ்டரை எடுத்து, உங்கள் சேர்க்கை விதிகளுக்குள் வருகிறவர்களை எண்ணுங்கள். வந்த எண்ணில் பாதியை அடித்துவிடுங்கள். ஊருக்குப் போகிறவர், பாதியில் நிற்கிறவர், சம்மதிக்காதவர் எல்லோரும் அந்தப் பாதிக்குள்தான் இருப்பார்கள். ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளில் எஃபெக்ட் சைஸ் (மாற்றத்தின் அளவு) 0.5, பவர் (மாற்றம் இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு) 80 சதவீதம், ஆல்ஃபா (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லும் அபாயம்) 0.05 என்று போட்டுப் பாருங்கள். ஒரே குழுவை முன்னும் பின்னும் ஒப்பிட 34 பேர் வேண்டும். தனித்தனி இரண்டு குழுக்கள் என்றால் குழுவுக்கு 64 பேர். ஆர்.சி.டி. (குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு) செய்தே தீருவேன் என்று கிளம்பும் ஜூனியர்களிடம் இந்த 128-ஐத்தான் முதலில் சொல்வேன். எனக்குக் கிடைத்தது 23 பேர். அதிலும் ஐந்து பேரை நானே தொலைத்தேன்.

அந்தக் கதைக்கு முன்னால், அளவுகோல் தேர்ந்தெடுத்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். கைத்திறன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நைன் ஹோல் பெக் டெஸ்ட் (ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருகி எடுக்கும் பரிசோதனை) என்று சினாப்சிஸில், அதாவது ஆய்வுத் திட்டத்தில், எழுதிவிட்டேன். பைலட்டுக்கு (முன்னோட்டத்துக்கு) உட்கார்ந்த மூன்று பேரில் இரண்டு பேரால் ஒரு குச்சியைக்கூடத் தூக்க முடியவில்லை. சிகிச்சைக்கு முன்னும் பூஜ்யம், பின்னும் பூஜ்யம் என்றால் எதை வைத்து முன்னேற்றத்தைக் காட்டுவது? 'ஃப்ளோர் எஃபெக்ட்' என்று வகுப்பில் எழுதிப்போட்டபோது புரியாதது, அவர்களில் ஒருவரின் விரல்கள் குச்சியைச் சுற்றி வழுக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது புரிந்தது. கைடு ஒரு வார்த்தை திட்டவில்லை. "பாக்ஸ் அண்ட் பிளாக் பாரு" என்றார், அவ்வளவுதான்.

நடுவில் தடுப்பு வைத்த ஒரு மரப்பெட்டி, 150 சின்னக் கட்டைகள், ஒரு நிமிடம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எத்தனை கட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றுகிறார் என்று எண்ண வேண்டும். குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று மேனுவலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். முதல் ஐந்து பேருக்கு, இரண்டு கட்டைகளைச் சேர்த்து அள்ளினால் இரண்டு என்று எண்ணினேன். விதிப்படி அது ஒன்றுதான். தடுப்பைத் தாண்டிய பிறகு கட்டை தரையில் விழுந்தாலும் கணக்கில் சேரும். ஆனால் விரல்நுனி தாண்டாமல் இந்தப் பக்கமிருந்தே வீசினால் சேராது. 15 விநாடி பயிற்சி வேறு கொடுக்க வேண்டும், அதையும் விட்டிருந்தேன். வீடியோ எடுத்திருந்தால் மறுபடி எண்ணியிருக்கலாம். எடுக்கவில்லை. அதற்குள் அவர்களுக்கு சிகிச்சை தொடங்கிவிட்டதால் திரும்பவும் முன்பரிசோதனை செய்ய வழியில்லை. ஐந்து பேர், ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு.

அதன் பிறகு ஒரே ஒரு தாள் தயார் செய்தேன். நாற்காலி எது, பெட்டி மேசையில் எங்கே, நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், வாயால் சொல்ல வேண்டிய வாக்கியம் என்ன, எந்தக் கை முதலில் என எல்லாம் அதில். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தே சொன்னேன், மனப்பாடமாகத் தெரிந்த பிறகும். உங்கள் தோழியை உட்காரவைத்து, நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் இன்னும் நோயாளியிடம் போகாதீர்கள்.

எத்திக்ஸ் கமிட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி கைக்கு வரும் முன் ஒரு டேட்டாகூட எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சம்மதம் வாங்குவது தனிக் கலை. அஃபேசியா (பக்கவாதத்தால் பேசுவதும் புரிந்துகொள்வதும் பாதிக்கப்படும் நிலை) உள்ள ஒருவர் நான் படித்துக் காட்டியதற்கெல்லாம் அழகாகத் தலையாட்டினார். சந்தேகம் வந்து, வேறு யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி "இதுதானே உங்க பேரு?" என்றேன். அதற்கும் தலையாட்டினார். படிவத்தை மடித்துவைத்துவிட்டேன். கேள்வித்தாள் வைத்துச் செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: அளவுகோலைப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி வேண்டுமா என்று சினாப்சிஸுக்கு முன்பே பாருங்கள். சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக நீங்களே மொழிபெயர்த்துக் கேட்டுவிடாதீர்கள். அதைச் சரிபார்ப்பதே தனி தீசிஸ்.

புள்ளியியலில் நான் தப்பித்ததற்குக் காரணம், டேட்டா எடுக்கும் முன்பே புள்ளியியல் ஆசிரியரிடம் போனது. அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்த்தெல் இண்டெக்ஸ் 0 முதல் 100 வரை ஐந்து ஐந்தாக ஏறும். பார்க்க எண் மாதிரி இருந்தாலும் அது வரிசைத் தரவு: எது கூட, எது குறைவு என்று சொல்லும், இடைவெளிகள் சமம் என்று சொல்லாது. இவ்வளவு சிலரின் வரிசைத் தரவுக்கு, சராசரியை ஒப்பிடும் பேர்டு டி-டெஸ்ட் போடாமல், தரவரிசையை வைத்து ஒப்பிடும் வில்காக்சன் போடச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு எக்செல் ஷீட்டோடு போய் நின்றவர்களுக்கு அவரால் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ரிசல்ட்டைப் பெருமையாகச் சொன்னேன்: கட்டைகள் சராசரியாக 4 கூடியிருக்கின்றன, பி மதிப்பு (மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே. வெளித் தேர்வாளர் இரண்டே கேள்விகள் கேட்டார். முதலாவது, பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் கை தானாகவே ஓரளவு தேறும். ஒப்பிட, இந்தச் சிகிச்சை பெறாத கண்ட்ரோல் குழு இல்லாமல் இது கண்ணாடியால் வந்தது என்று எப்படிச் சொல்கிறாய்? இரண்டாவது, பக்கவாதக்காரர்களிடம் இந்தப் பரிசோதனையில் ஏறக்குறைய 5.5 கட்டை வரையிலான வித்தியாசம் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம் என்று ஆய்வு இருக்கிறதே, உன் 4 எங்கே நிற்கிறது? முதல் கேள்விக்கு தீசிஸின் லிமிடேஷன்ஸ் (ஆய்வின் குறைகள்) பகுதியில் ஏற்கெனவே எழுதியிருந்தேன், தலை தப்பியது. இரண்டாவதற்கு "படிக்கவில்லை சார்" என்றேன். மழுப்பியிருந்தால் இன்னும் தோண்டியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உங்கள் அளவுகோலில் எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம் என்பதை முதல் அத்தியாயம் எழுதும்போதே தேடிவிடுங்கள்.

ஒரு பெண்மணிக்குக் கட்டைகள் மூன்றுதான் கூடின. கடைசி நாளன்று தன் சட்டைப் பொத்தானைக் காட்டி, "இன்னைக்கு நானே போட்டேன்மா" என்றார். மேல் பொத்தான் ஒரு துளை மாறிப் போயிருந்தது, அதையும் அவரே சிரித்துக்கொண்டு சரி செய்தார். என் டேட்டா ஷீட்டில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. சி.ஓ.பி.எம். என்ற நேர்காணல் அளவுகோலையும் சேர்த்திருந்தால், அவரே முக்கியம் என்று சொல்லும் வேலையை எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டு வாங்கியிருப்பேன். நான் செய்ததெல்லாம், தாளின் ஓரத்தில் பென்சிலால் 'பொத்தான்' என்று எழுதி வட்டம் போட்டதுதான். பைண்டிங் போன பிரதியில் அது கிடையாது.