சைக்கிள் ரியூப்பும் டி.என்.ஏ.யும்

என் ஆராய்ச்சி பற்றி மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டிருந்தார்கள். அதற்குள் பௌதிக சேர் காலமான செய்தி வந்துவிட்டது. சேரை விட்டுவிட்டு என்னால் அதை எழுத முடியாது. என் ஆராய்ச்சி தொடங்கியதே அவருடைய மேசையில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் இல்லை. ஊக்கின் விதியை முடித்த கையோடு, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய ஒரு பட்டியைக் கொழுவி, அடியில் நிறைப்படியைத் தொங்கவிட்டார் சேர். சூடாக்கினால் எதுவும் விரியும் என்பதுதான் நாங்கள் படித்தது. ஜாம்போத்தல் விளக்கைக் கிட்டக் கொண்டுபோனார். படி ஒரு நூல் மேலே ஏறியது! "ஏன் ராசா?" என்று கேட்டுவிட்டு மணி அடிக்கும்வரை பேசாமல் நின்றார்.

எந்திரப்பி, அதாவது ஒன்று எத்தனை விதமாக அமைந்து கிடக்கலாம் என்பதன் அளவு, என்ற சொல் அடுத்த கிழமைதான் வந்தது. ரப்பரின் நீண்ட மூலக்கூறு நேராக நிற்க ஒரு வழிதான், சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள். வெப்பத்தின் துடிப்பே அதைச் சுருக்குகிறது. ஆகவே சூடு கூடினால் இன்னும் பலமாக இழுக்கும்.

நான் ஆராயும் டி.என்.ஏ.யிலும் இதே கதைதான். 1992இல் உயிர்ப்பௌதிக விஞ்ஞானி பஸ்டமான்டேயின் குழு காந்த நுண்மணிகளைக் கட்டி ஒற்றை டி.என்.ஏ.யை இழுத்து அளந்தது. ஏறத்தாழ 50 நனோமீற்றர், அதாவது 150 மூலச் சோடி (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளத்துக்கு அது விறைப்பாக நிற்கும். அதற்கு மேற்பட்டால் வெப்பம் வளைத்துவிடும். அதனால் முதலில் இலேசாக இழுபடும், முழு நீளத்தை நெருங்க நெருங்க முரண்டு பிடிக்கும். 65 பிக்கோநியூற்றன் (ஒரு நியூற்றன் விசையின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோநியூற்றன்) அளவில் சட்டென்று விட்டுக்கொடுத்து 1.7 மடங்காகிவிடும். அப்புறம் 2006இல் வந்த முடிவுதான் எனக்கு மிகப் பிடித்தது. முறுக்கிய இழையை இழுத்தால் முறுக்கு அவிழும் என்றுதானே நினைப்போம்? டி.என்.ஏ.யை மெல்ல இழுத்தால் முறுக்கு கூடுகிறது.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது சேர் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "இஞ்ச வந்து பெடியளுக்கு ஒருக்காச் சொல்லிக்குடு" என்றார். வருகிறேன் சேர் என்றேன். ஊருக்குப் பாதை திறந்துதான் இருந்தது. லீவு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என்று வருடங்கள் போயின. நான் எடுக்க வேண்டிய அந்தப் பாடத்தை, பென்சன் எடுத்த பிறகும் சேரே கல்லூரிக்குப் போய் எடுத்தார் என்று இப்போதுதான் கேள்விப்பட்டேன்.