பூனைக்கு மீன் துண்டுப் பலகாரம்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் 200 கிராம் சூரை வாங்குங்கள். உப்பு, மஞ்சள், உள்ளி, வெங்காயம் எதுவும் வேண்டாம். உள்ளியும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கறிச்சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் பிசைந்து வைப்பது அதனால்தான் ஆபத்து. கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம்.

மீனைக் கொஞ்சத் தண்ணீரில் 10 நிமிடம் அவியுங்கள். டோரின் என்ற சத்து அவித்த தண்ணீரில் இறங்கிவிடும், ஊற்றிவிடாதீர்கள். முள்ளை விரலால் தடவித் தடவி எடுங்கள். கண்ணுக்குத் தப்பும் முள் விரல் நுனியில் குத்தும். பிறகு 1 முட்டை, 2 மேசைக்கரண்டி அரிசி மா, அவித்த தண்ணீர் 2 கரண்டி சேர்த்துப் பிசையுங்கள். மிச்சத் தண்ணீரை ஆறவைத்துப் பூனைக்கே கொடுக்கலாம்.

தோசைக்கல்லில் அரை சென்டிமீட்டர் தடிப்பில் தட்டி, மூடி, மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் வேகவிடுங்கள். நெருப்புக் கூடினால் வெளியே கருகி உள்ளே ஈரமாக நிற்கும். அந்த ஈரம்தான் மறுநாளே புளிக்க வைக்கிறது. ஆறியதும் பெருவிரல் நகமளவு துண்டுகளாக வெட்டுங்கள். 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 3, 4 துண்டு போதும். பிரிட்ஜில் 3 நாள் இருக்கும்.

இது பலகாரம் மட்டுமே, சாப்பாடு அல்ல. வெறும் மீன் சதையில் கல்சியம் போதாது. பச்சை மீனையே தினமும் கொடுத்தால் விட்டமின் பி1 அழியும். பூனை தள்ளாடி நடக்கத் தொடங்கினால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.