உப்புக் காற்றும் மாருதி 800 பிளக் வயரும்

பழைய மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் பாகம்) வைத்த மாடல். பிளக்குகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் மூன்று பிளக் வயரையும், வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலின் வயரையும் மாற்றியாகிவிட்டது, இப்போது காலையில் ஒரே சாவியில் பிடிக்கிறது. கடலோரம் இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன், மதுரைக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

தொல்லை இதுதான். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி உதறும், மூன்று சிலிண்டரில் ரெண்டு மட்டும் ஓடுகிற சத்தம் வரும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முக்கும், உச்சிப்புளி தாண்டுவதற்குள் தானாகவே சரியாகிவிடும். மத்தியானம் எடுத்தால் ஒரு குறையும் இருக்காது. கேட்டவர்கள் எல்லோரும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவச் சொன்னார்கள். எங்கள் பக்கம் பெட்ரோல் வண்டிக்கு என்ன வந்தாலும் பழி கார்புரேட்டர் மேல்தான். அதில் அழுக்கு இருந்தால் மத்தியானமும் படுத்த வேண்டும் இல்லையா? காற்றில் ஈரம் இருக்கிற நேரத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடித்து (ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போய்), எஞ்சின் சூடேறி ஈரம் காய்ந்ததும் நின்றுபோகிறது, அப்படியென்றால் கரண்ட் எங்கேயோ கசிகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

வீடு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில், தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம். ஆனி ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது பானெட்டைத் திறந்து பிளக் வயரை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க காரைக்குடி சிக்ரிக்காரர்கள் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மண்டபத்தில் சோதனை மையமே வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்குப் பேர் போன காற்று இது. உப்பு காய்ந்து கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே கரைய ஆரம்பிக்கும், இங்கே ராத்திரியில் அதைத் தாண்டுவது சாதாரணம். காயிலிலிருந்து வருவது 15,000 முதல் 25,000 வோல்ட் வரை. ஈர உப்புப் படலம் கிடைத்தால் பிளக்கில் பொறி தட்டுவதை விட்டுவிட்டு, ரப்பரில் விரிசல் இருக்கிற இடமாகப் பார்த்து வெளியே தாவி எஞ்சின் பாடியில் இறங்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. இருட்டில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடித்தேன். கையை உள்ளே விடக் கூடாது, ஷாக் பலமாக அடிக்கும். இரண்டாவது வயர் எஞ்சின் தலைமேல் இருக்கிற டாப்பெட் கவரை உரசுகிற இடத்தில் டிக் டிக் என்று நீலமாகத் தாவியது. காயிலின் கழுத்தைச் சுற்றி மெல்லிய ஊதா நிறத்தில் ஒரு ஒளி மின்மினி மாதிரி விட்டு விட்டு வந்தது. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் எஞ்சினை அணைத்து வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன். கார்பன் வயர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 கிலோ ஓம் தடை காட்டலாம், 800-இல் வயர்கள் குட்டையானவை என்பதால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். ஒன்றும் மூன்றும் ஒழுங்காக இருந்தன. இரண்டாவதை நேராகப் பிடித்தால் 11 கிலோ ஓம், கொஞ்சம் வளைத்தால் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை, திரும்ப நிமிர்த்தினால் மறுபடி 11. ஆகவே சோதிக்கும்போது வயரை ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டும், சும்மா நேராக வைத்துப் பார்த்துவிட்டு நல்ல வயர் என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். அதே வயரை கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பிலிருந்து உருவியபோது ரப்பர் மட்டும்தான் கையோடு வந்தது. உள்ளே இருக்கிற பித்தளைக் கிளிப் களிம்பு ஏறி கேப்பின் குழியிலேயே ஒட்டிக்கொண்டது, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பச்சைப் பொடியாகக் கொட்டுகிறது. வெளியே பார்த்தால் வயர் கருகருவென்று புதுசு போலத்தான் இருந்தது.

ராமநாதபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற கீழக்கரைக் காக்காவிடம் (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கேட்டேன். "செம்பு வயரா வாங்கிப் போடுங்க தம்பி, ஆயுசுக்கும் கெடாது" என்றார். "ரேடியோ கேக்கணும் காக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் கார்பன் செட்டை எடுத்து வந்தார். விஷயம் என்னவென்றால், செம்பு வயரில் தடை இல்லாததால் ஒவ்வொரு பொறியும் ரேடியோவில் கரகரவென்று கேட்கும், அதை அடக்கத்தான் வயருக்குள் கார்பன் வைத்திருக்கிறார்கள். அதுவும் போக, செம்பு மட்டும் இந்தக் காற்றில் களிம்பு பிடிக்காதா என்ன?

மாட்டுவது கஷ்டமில்லை. ஒன்றைக் கழற்றி, அதே நீளமுள்ள புதியதை அங்கே போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி தட்டும் வரிசை) 1-3-2, எல்லாவற்றையும் மொத்தமாக உருவிப்போட்டு இரண்டையும் மூன்றையும் மாற்றிச் சொருகினால் வண்டி டமார் டமார் என்று வெடிக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகித் தளர்த்தி எடுக்க வேண்டும். பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தேன், இரண்டாவது கரிப்பிடித்து, மற்ற இரண்டும் நல்ல பிஸ்கட் நிறத்தில். துடைத்து, முனைகளுக்கு நடுவே 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வைத்துப் போட்டாயிற்று.

கடலோரத்துக்காரர்கள் தவிர்க்கக் கூடாதது சிலிக்கான் கிரீஸ். ரப்பர் மூடியின் உள்சுவரில் மெல்லியதாகத் தடவினால் ஈரம் உள்ளே போகாது, அடுத்த தடவை கழற்றும்போதும் ஒட்டிக்கொள்ளாது. பித்தளை முனையில் அப்ப வேண்டாம். வாசலின் போடச் சொல்கிறவர்கள் உண்டு, அது பெட்ரோலியம் சரக்கு, நாளடைவில் ரப்பரை ஊதவைத்துவிடும். வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடாமல், எஞ்சினை உரசாமல் கிளிப்பில் பிரித்துவிட வேண்டும்.

வாரம் ஒரு தடவை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஈரத்துணியால் வயர்களையும் காயில் கழுத்தையும் கேப்பையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். போர் தண்ணீரில் துணியை நனைக்கக் கூடாது, எங்கள் போரில் வருவதே உப்புத் தண்ணீர்தான். குழாயில் வருகிற காவிரித் தண்ணீரைத்தான் எடுக்கிறேன். "குடிக்கிற தண்ணியில காரைக் குளிப்பாட்டுறான்" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒரு டம்ளர் தண்ணீர்தான் செலவு.

கேப்பின் இரண்டாவது குழியில் பித்தளை அரித்திருக்கிறது, தற்சமயம் சுரண்டிப் போட்டிருக்கிறேன். புது கேப்புக்கும் அதற்குள் சுழலும் ரோட்டாருக்கும் காக்காவிடம் சொல்லியாயிற்று, வந்ததும் சேர்த்து மாற்ற வேண்டும். மைலேஜ் கூடியதா என்று இப்போதே கேட்காதீர்கள், டேங்க் ஒரு தடவை காலியாகட்டும்.