ரோட்டரி ஹேமர் வாங்கும்போது: அதிர்வு எண்ணும் துளைக்கு ஆகும் நேரமும்

கான்கிரீட்டை அடித்தபடியே துளைக்கும் ரோட்டரி ஹேமரைக் கீழே வைத்து அரை மணி நேரம் ஆன பிறகும் விரல் நுனி விறுவிறுக்கிறது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்றால் அதை வெறும் அசதி என்று விட்டுவிடக் கூடாது. கை வழியாக ஏறும் அதிர்வு விரல்களின் நரம்பையும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. முற்றினால் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். பிடியின் பலம் குறையும். அந்த நிலைக்குப் போனபின் முழுக்கச் சரியாவது அரிது. அதனால் கருவி வாங்கும் நாளிலேயே இதை யோசிப்பதுதான் நல்லது.

கையேட்டில் அதிர்வுக்கு ஒரே ஒரு எண் இருக்காது. கான்கிரீட்டில் துளையிடும்போது ஒன்று, உளி போட்டு உடைக்கும்போது இன்னொன்று என்று மீ/வி² (வினாடி வர்க்கத்துக்கு மீட்டர்) அலகில் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் செய்யப்போவது எந்த வேலையோ அந்த எண்ணைப் பாருங்கள். பக்கத்திலேயே ‘கே’ என்று ஒரு மதிப்பு, பெரும்பாலும் 1.5, இருக்கும். அது அளவீட்டில் உள்ள நிச்சயமின்மை. அதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். எப்படியும் இது சோதனைக்கூடத்து எண். மழுங்கிய பிட்டும் (கருவியில் மாட்டும் துளையூசி) கம்பி நெருக்கமான ஸ்லாபும் அதை ஏற்றிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் கொண்டுவந்த விதிப்படி, 8 மணி நேர வேலை நாளுக்குச் சராசரியாக 2.5 மீ/வி² வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீ/வி² தாண்டவே கூடாது. இங்கே பலரும் தவறவிடும் ஒன்று: அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதி நேரம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. 5 மீ/வி² கருவியில் முதல் எல்லையைத் தொட 2 மணி நேரம் ஆகும். 10 என்றால் 30 நிமிடம். 20 என்றால் ஏழரை நிமிடம்தான். இந்தக் கணக்கில் வருவது விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும். குறி போடுவதும் ஏணியை நகர்த்துவதும் சேராது.

ஆனால் எண் குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. ஒரு கருவி 9 மீ/வி², ஒரு துளைக்கு 60 வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 12 மீ/வி², அதே துளையை 25 வினாடியில் முடிக்கிறது. முதலாவதில் சுமார் 37 துளையிலேயே 2.5 எல்லை வந்துவிடும். இரண்டாவதில் 50 துளை போடலாம். அதிர்வு கூடின கருவிதான் இங்கே கைக்குக் குறைந்த சுமை. எண்ணின் வர்க்கத்தைத் துளைக்கு ஆகும் வினாடியால் பெருக்குங்கள். எது சிறியதோ அது நல்லது.

இதனால்தான் வேலைக்குப் போதாத சிறிய கருவி வாங்குவது கைக்கு மோசம். எஸ்டிஎஸ் என்பது பிட்டின் தண்டைக் கருவியில் பூட்டும் முறை. 10 மி.மீ. தண்டு பிடிக்கும் எஸ்டிஎஸ் பிளஸ் கருவியில் துளையின் அகலம் அதிகபட்சம் 26 மி.மீ. என்று எழுதியிருக்கலாம், ஆனால் அது நன்றாக ஓடுவது 6 முதல் 16 மி.மீ. வரைதான். தினமும் 20 மி.மீ.க்கு மேல் அகலமான துளைகளை ஆழமாகப் போடுகிறவர்கள் 18 மி.மீ. தண்டுள்ள எஸ்டிஎஸ் மேக்ஸுக்குப் போய்விடலாம். தலைக்கு மேல் வேலை என்றால் அதன் எடை தோளை வாங்கிவிடும். அங்கே தாங்கு கம்பமோ ஸ்டாண்டோ வேண்டும்.

அதிர்வைக் குறைக்க முக்கியமாக இரண்டு வழிகள். பின்பிடியைக் கருவியின் உடலிலிருந்து ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்துப் பிரிப்பது ஒன்று. உள்ளே பிஸ்டனுக்கு எதிர்த்திசையில் ஓடும் எதிர் எடை மற்றொன்று. இரண்டும் உள்ள கருவி கிடைத்தால் அதையே எடுங்கள். கடையில் பின்பிடியை உள்ளங்கையால் அழுத்தினால் அது சில மி.மீ. உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். பக்கவாட்டுப் பிடியிலும் இடையில் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கை முழு நேரமும் அதில்தானே இருக்கிறது!

இவ்வளவு செலவழித்து வாங்கியதை ஒரு பழக்கம் வீணாக்கிவிடும்: முழு உடலையும் சாய்த்து அழுத்துவது. ஸ்பிரிங் அடிவரை அமுங்கிவிட்டால் பிடி கருவியின் உடலோடு ஒட்டிவிடும், அதிர்வு நேராகக் கைக்கு வரும். பிட் தானாக இறங்கும் அளவு அழுத்தம் போதும். இறங்கவில்லை என்றால் கார்பைடு முனை மழுங்கியிருக்கும், கம்பியில் முட்டியிருக்கும், அல்லது அடிக்கும் பகுதியின் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து அடி வலுவிழந்திருக்கும். கம்பி அடிக்கடி குறுக்கிடும் இடத்தில் நான்கு வெட்டு முனை பிட் அவ்வளவு எளிதில் சிக்காது. தண்டுக்குக் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

அதிர்வுத் தடுப்புக் கையுறையை நம்பிக் கணக்கைத் தளர்த்த வேண்டாம். கருவி நிமிடத்துக்கு 4,000 முறை அடிக்கிறது என்றால் வினாடிக்குச் சுமார் 67 முறை. அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணைக் கையுறை பெரிதாகத் தடுப்பதில்லை. கையைச் சூடாக வைக்க அது உதவும், அதற்காகப் போடலாம்.

வாங்குமுன் இரண்டு கருவிகளிலும் ஒரே வகைப் புது பிட் மாட்டி, உங்கள் தளத்துக் கான்கிரீட்டிலேயே, ஒரே ஆழத்துக்கு ஐந்தைந்து துளை போட்டு நேரம் பாருங்கள். அந்த வினாடிகளைக் கருவிப் பெட்டியின் மூடியில் எழுதி வையுங்கள். பிறகு அதே துளைக்கு நேரம் கூடத் தொடங்கினால் முதலில் பிட்டை மாற்றிப் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் கருவியைச் சர்வீசுக்கு அனுப்புங்கள்.