பழைய வாரியக் குடியிருப்பை இடிக்கும்முன்

2021 டிசம்பரில் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய பெயர் குடிசை மாற்று வாரியம்) 24 வீடுகள் கொண்ட கட்டடம் சரிந்தது. விரிசல் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதனால் மறுகட்டுமானம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சிக்கல் காலிசெய்யும் நாளில்தான் தொடங்குகிறது.

வீட்டு ஒதுக்கீடு தாத்தா பெயரில் இருக்கும், குடியிருப்பது பேரன். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, பெயர் மாற்றத்துக்கு முதலிலேயே மனு கொடுங்கள். இடித்தபின் வீட்டை நிரூபிக்கச் சுவர்கூட மிஞ்சாது! ஒதுக்கீட்டு ஆணை, மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை மூன்றிலும் கதவு எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். குடியிருப்போர் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் பட்டியலுக்கே வரமாட்டார். இது பெரிய அநியாயம்.

புது அடுக்குமாடியில் லிஃப்ட், மோட்டார் பராமரிப்புக்கு மாதச் சந்தா வேண்டும். குடியிருப்போர் சங்கத்தைக் குடியேறும் முன்பே பதிவுசெய்யுங்கள்.