இருட்டாத ஊருக்கு வந்த இரண்டு துப்பறிவாளர்கள்

கிறிஸ்டோபர் நோலன் 2002ஆம் ஆண்டு இயக்கிய ‘இன்சோம்னியா’வை முதன்முதலில் பார்த்தபோது, அது ஒரு நார்வே படத்தின் மறுஆக்கம் என்பது எனக்குத் தெரியாது. எரிக் ஷோல்ட்பியார்க் 1997இல் அதே பெயரில் எடுத்த மூலப்படத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். சென்ற வாரம் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் மீண்டும் பார்த்தபோது, ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்லும் இவை ஒரு மனிதனைப் பற்றி நேரெதிரான இரண்டு முடிவுகளுக்கு வருவதை உணர்ந்தேன். இறுதிக் காட்சிகளைத் தொடாமல் அதை விளக்க முடியாது என்பதால், படங்களைப் பார்க்காதவர்கள் பார்த்த பிறகு இதைப் படிப்பது நல்லது.

கோடையில் சூரியன் மறையாத வடகோடி ஊர் ஒன்றில் பதினேழு வயதுப் பெண் கொலை செய்யப்படுகிறாள். விசாரணைக்காக வெளியூரிலிருந்து வரும் அனுபவம் மிக்க துப்பறிவாளர், மூடுபனியில் கொலையாளியைத் துரத்தும்போது தன் சக அதிகாரியையே சுட்டுக் கொன்றுவிடுகிறார். சுட்டது கொலையாளிதான் என்று அவர் சொல்லும் பொய்யை அந்தக் கொலையாளி அறிவான். எழுத்தாளனான அவனுக்கும் துப்பறிவாளருக்கும் இடையே ஒருவர் இரகசியத்தை மற்றவர் காக்க வேண்டிய உறவு உருவாகிறது. இந்தச் சட்டகத்தை நோலனும் திரைக்கதையாசிரியர் ஹிலரி சைட்ஸும் பெரிதாக மாற்றவில்லை. அவர்கள் மாற்றியிருப்பது துப்பறிவாளரின் மனச்சான்றை.

என்னை முதலில் நிறுத்தியது நாய் வரும் காட்சி. பிணத்தில் இருப்பது தன் துப்பாக்கியின் தோட்டா என்பதால், அதற்கு மாற்றாகக் கொலையாளியின் துப்பாக்கியிலிருந்து வெளியேறிய தோட்டா ஒன்று துப்பறிவாளருக்குத் தேவைப்படுகிறது. உடலுக்குள் பாய்ந்து நின்ற தோட்டாவாக இருந்தால்தான் ஆய்வில் ஐயம் எழாது. அமெரிக்கப் படத்தில் அல் பசீனோ ஏற்ற வில் டோர்மர், சந்தில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் ஒரு நாயின் உடலில் சுட்டுத் தோட்டாவை எடுத்துக்கொள்கிறார். மூலத்திலோ ஸ்டெலான் ஸ்கார்ஸ்கார்ட் ஏற்ற யோனாஸ் எங்ஸ்ட்ரோம் உயிருள்ள நாயைச் சுட்டுக் கொல்கிறார். சில நொடிகளே ஓடும் காட்சிதான் என்றாலும், அதற்குப் பிறகு அவரை நாம் அதே கண்களோடு பார்ப்பதில்லை. மறுஆக்கம் செய்தவர்கள் நாயை முன்கூட்டியே சாகடித்து, நட்சத்திர நடிகரின் கைகளை அந்த இரத்தத்திலிருந்து காப்பாற்றிவிட்டார்கள்.

இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் படம் நெடுக இதே காரியம் நடக்கிறது. மூலத்தில், இறந்த பெண்ணின் காதலன் மீது பழி விழும்படி கொலையாளியின் துப்பாக்கியை அந்தக் காதலனின் வீட்டில் ஒளித்துவைப்பவர் எங்ஸ்ட்ரோமே. மறுஆக்கத்தில் டோர்மர் அதை உண்மையான கொலையாளியின் வீட்டில்தான் ஒளித்துவைக்கிறார். அப்பாவிப் பையனின் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் கொலையாளி. இறந்த பெண்ணின் தோழியைக் காரில் அழைத்துச் செல்லும் காட்சியில் எங்ஸ்ட்ரோமின் கை அந்தச் சிறுமியின் தொடையை நோக்கி நகர்கிறது. அதே இடத்தில் டோர்மர், எதிரே வரும் லாரியை நோக்கிக் காரை ஓட்டி அவளை மிரட்டி உண்மையை வரவழைக்கிறார். முன்னது அருவருப்பு, பின்னது விசாரணை உத்தி. விடுதியின் வரவேற்பாளரிடம் எங்ஸ்ட்ரோம் வன்முறையாக நடந்துகொள்கிறார். டோர்மரோ விடுதியை நடத்தும் பெண்ணிடம் தன் பாவத்தை மனம்விட்டுச் சொல்கிறார்.

டோர்மருக்கு ஒரு பாவக் கதையே எழுதித் தரப்பட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில், குழந்தையைக் கொன்ற ஒருவன் தப்பிவிடக் கூடாது என்பதற்காக அவர் சாட்சியத்தை இட்டுக்கட்டியிருக்கிறார். உள்விசாரணைப் பிரிவு நெருங்கிக்கொண்டிருக்க, சக அதிகாரி ஹாப் அவர்களோடு ஒத்துழைக்க முடிவெடுக்கிறார். ஆகவே, மூடுபனியில் வெடித்த அந்தக் குண்டுக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுகிறது. சாகும் தறுவாயில் ஹாப் அப்படித்தான் நம்புகிறார். பிற்பாடு வேண்டுமென்றே சுட்டீர்களா என்ற கேள்விக்கு, டோர்மருக்கே விடை தெரியவில்லை. இது மிக நல்ல நாடகம் என்பதை நான் மறுக்கவில்லை. தன் நினைவின் மீதே ஒருவருக்கு நம்பிக்கை போய்விடும் நிலையைப் பசீனோவின் சோர்ந்த கண்களும் இழுபடும் குரலும் உடலாகவே ஆக்கிக் காட்டுகின்றன.

ஆனால் எங்ஸ்ட்ரோமுக்கு இப்படி ஒரு காரணமே இல்லை. அவர் சுவீடனிலிருந்து வந்தவர். ஒரு வழக்கின் சாட்சியோடு நெருங்கிப் பழகி மாட்டிக்கொண்டவர் என்ற ஒரே குறிப்புதான் நமக்குக் கிடைக்கிறது. அந்நாளில் நார்வேக் காவலர்கள் வழக்கமாகத் துப்பாக்கி ஏந்தியதில்லை. எங்ஸ்ட்ரோம் மட்டும் தன்னுடையதை வைத்திருக்கிறார். அவர் சுவீடிஷ் பேச, மற்றவர்கள் நார்வேஜியனில் பதில் சொல்கிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஓரளவு புரியுமளவு நெருங்கிய மொழிகள் என்றாலும், ஒவ்வொரு வாக்கியமும் அவர் அயலார் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. வசன வரிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால், காதைத் தீட்டிக் கேட்டால்தான் இது பிடிபடும். மறுஆக்கத்தில் இந்த அயன்மை போய்விடுகிறது. அதற்குப் பதிலாக, டோர்மரின் பழைய வழக்குகளைப் படித்து வியந்த இளம் அதிகாரி எல்லி பர் வருகிறார். மூலத்தின் நாயகர் யாருக்கும் புரியாதவர் என்றால், மறுஆக்கத்தின் நாயகர் எல்லோராலும் போற்றப்படுபவர்.

ஒளியைக் கையாண்ட விதத்திலும் மூலமே என் மனதில் ஆழமாக நிற்கிறது. மூலப்படம் நடக்கும், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் டிரோம்சோ நகரில் மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதில்லை. படம் அந்த வெளிச்சத்தை வெளிறிய ஒரு வெண்மையாகக் காட்டுகிறது. முகங்களில் நிழல் இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு மூலை இல்லை. நோலன் தன் படத்தை அலாஸ்காவின் நைட்மியூட்டில் நடப்பதாக வைக்கிறார். பனிமலைகளும் பச்சைக் காடுகளும் ஆற்றில் மிதக்கும் மரக்கட்டைகளின் மேல் நடக்கும் துரத்தலும் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அந்த அழகே நம்மைக் கொஞ்சம் இளைப்பாற விட்டுவிடுகிறது. இருந்தாலும் மறுஆக்கத்தில் ஓர் இடம் மூலத்தையும் விஞ்சுகிறது. டோர்மர் சன்னலை அடைக்க அறைப் பொருள்களையெல்லாம் இழுத்துக் குவித்துப் போராடும்போது, சத்தம் கேட்டு விடுதிப்பெண் வருகிறாள். அறை வெளிச்சமாக இருக்கிறது என்று அவர் முறையிட, இல்லை, இங்கே இருட்டாகத்தான் இருக்கிறது என்கிறாள். ஒளி சன்னல் வழியாக வரவில்லை என்பது அந்த ஒரு வரியில் புரிந்துவிடுகிறது.

ராபின் வில்லியம்ஸ் வரும் காட்சிகளையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் ஏற்ற கொலையாளி வால்டர் ஃபிஞ்ச் குரலை உயர்த்துவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரிப்பதைப் போல, நாமிருவரும் ஒன்றுதான் என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறார். மூலத்தின் கொலையாளி யோன் ஹோல்ட்டைவிட இவர் நெடுநாள் மனதில் நிற்கிறார்.

முடிவில்தான் இரண்டு படங்களும் முழுதாகப் பிரிகின்றன. டோர்மரும் ஃபிஞ்சும் ஒருவரையொருவர் சுட்டுச் சாகிறார்கள். உண்மையை நிரூபிக்கும் தோட்டா உறையை எல்லி எறிந்துவிடப் போகும்போது, டோர்மர் தடுத்து, வழி தவறிவிடாதே என்கிறார். பிறகு தூங்க விடும்படி கேட்டுக் கண்களை மூடுகிறார். அவர் கடனை அடைத்துவிட்டார், நமக்கும் மூச்சு விட முடிகிறது. எங்ஸ்ட்ரோமுக்கு யாரும் கணக்கை முடித்து வைப்பதில்லை. ஹோல்ட் உளுத்த மரத்தளம் உடைந்து விழுந்து தண்ணீரில் இறக்கிறான், வழக்கும் முடிகிறது. ஹில்டே என்ற பெண் அதிகாரி, தான் கண்டெடுத்த தோட்டா உறையை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். கைதும் இல்லை, கண்டனமும் இல்லை. எங்ஸ்ட்ரோம் தன் காரில் ஊரைவிட்டுக் கிளம்புகிறார். படம் முழுக்க அவர் ஏங்கிய இருட்டு கடைசியில் அவரைச் சூழ்கிறது. திரை கறுத்துக்கொண்டே வர, அவருடைய இரண்டு கண்கள் மட்டும் மூடாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன.